நோர்வூட் பஸ்ஸின் இன்டர்வெல்

ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கம் போகிற சாயந்தர பஸ்ஸில் ஏறி, தான் இறங்க வேண்டிய ஹோல்டில் சரியாக இறங்கிய மனிதர் ஒருவர் இருந்தால், அவருக்குக் காது கேட்காமல் இருக்க வேண்டும். அல்லது இன்டர்வெல் அண்ணன் அன்றைக்கு லீவில் இருந்திருக்க வேண்டும்.

இன்டர்வெல் அண்ணன்தான் அந்தப் பஸ்ஸின் கொண்டக்டர். வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. குரங்குத் தொப்பி, தோளில் தோல்பை, காதுக்குப் பின்னால் எழுதுகிற பேனை ஒன்று. டிக்கட் கிழிப்பது அவருக்குப் பக்கத் தொழில். படம் சொல்வதுதான் தொழில். அதுவும் எல்லாப் படமும் இல்லை. காட்டுக் கோயில், ஊர்க் காவல் சாமி, பழைய சாபம், அறுவடைப் பலி என்று இப்போது நாலு தேசத்திலிருந்தும் வருகிறதே, அந்த மாதிரிப் பயப் படங்கள் மட்டும்தான்.

"பேய் வர்ற படம் வேற, ஊர் வர்ற படம் வேற" என்பார். "வெள்ளச் சேலையக் கட்டிகிட்டுக் கொலுசுச் சத்தத்தோட வர்றதெல்லாம் பழைய சரக்குங்க. இப்ப வர்றதுல பேயே இருக்காது. ஒரு ஊரு இருக்கும். எல்லாரும் சிரிச்சிகிட்டு இருப்பாங்க. வெளியூர்க்காரன் ஒருத்தன் போவான். வாங்க, சாப்பிடுங்கம்பாங்க. அங்கதாங்க நமக்குப் பயமே ஏறும்."

ஆள் பார்த்துப் படம் சொல்வதில் அவர் நாட்டு வைத்தியர் மாதிரி. புதிதாகக் கல்யாணம் கட்டியவர்களுக்கு ஒரு படம், மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு வேறொரு படம். பயத்தை அளக்க அவரிடம் பஸ் ரூட்டுதான் அளவுகோல். "இது ஹட்டன் டவுனுக்குள்ளயே எறங்கிறலாம்" என்றால் சின்னப் பிள்ளைகள் பார்க்கிற படம். "நோர்வூட் வரைக்கும் போகும்" என்றால் சுமாரான பயம். "பொகவந்தலாவ கடைசி ஹோல்ட்டுங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால், அன்றைக்கு வீட்டில் தனியாகத் தூங்கக் கூடாது.

கதையை அவர் ஹட்டன் ஸ்டாண்டில் ஆரம்பிப்பார். பஸ் வளைவுகளில் சாயச் சாய, கதையும் சாய்ந்து சாய்ந்து ஏறும். எல்லாரும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கும் இடத்தில் டக்கென்று நிறுத்தி, "அவ்வளவுதான். கடைசியச் சொல்ல மாட்டேன். பார்த்துக்குங்க" என்று டிக்கட் மெசினை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விடுவார். அதனால்தான் இன்டர்வெல்.

பஸ்ஸுக்குள் இதற்கென்றே ஒரு சபை இருந்தது. ஹட்டன் சந்தையில் வியாபாரம் முடித்துவிட்டுக் காலிச் சாக்குகளோடு வரும் மரக்கறிப் பெரியம்மாதான் அதற்குத் தலைவர். பட்டப்பகலில் பயம் காட்டுகிற படம்தான் நல்ல படம் என்பது அவருடைய கட்சி. இருட்டில் யார் வேண்டுமானாலும் பயம் காட்டிவிடலாமாம். டிரைவர் சுனில் ஐயா சிங்களத்தையும் தமிழையும் கலந்து, இந்தோனேசியாக்காரனை விட்டால் ஆளில்லை என்று ஸ்டியரிங்கில் அடித்துச் சொல்வார். ஒருநாள், சாமிக்குச் சேவல் அறுக்கிறதெல்லாம் எங்கே நடக்கும் என்று டவுன் பையன் ஒருவன் கேட்டுவிட்டான். பெரியம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டக் கத்தி வைக்கிறதற்கு முன்னால் கவ்வாத்துச் சாமிக்குச் சேவல் அறுப்பதை வெள்ளைக்காரன் எவனாவது படம் பிடித்திருந்தால், நீயும் டிக்கட் எடுத்துப் பார்த்திருப்பாய் என்றார்.

நான் அந்தச் சபையில் வாய் திறந்ததில்லை. ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுக்கிற ஆள் நான். ஏறியதும் கதவோரச் சீட்டில் உட்கார்ந்து, சில்லறையை நீட்டி, தலையை ஆட்டினால் என் பயணம் முடிந்தது. ஆனால் அவர் சொன்ன படம் ஒன்றையும் விட்டதில்லை.

கேட்கவே கேட்காத ஒருவரும் இருந்தார். அவர் டீச்சர். இரண்டாவது வரிசை, ஜன்னலோரம், மடியில் கைப்பை, கையில் செபமாலை. இன்டர்வெல் அண்ணன் வாயைத் திறந்ததும் அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். பஸ் முதலாளி சின்ன வயதில் அவரிடம் படித்தவர். டீச்சர் போன் எடுத்தால் முதலாளி எழுந்து நின்று பேசுவார் என்று சுனில் ஐயா சொல்லியிருக்கிறார்.

சிக்கல் ஆட்கள் இறங்குவதில் வந்தது. கல்யாண வீட்டுக்குக் கேக் கொண்டுபோன மாமா ஒருவர், கதை கேட்டுக் கேட்டுப் பொகவந்தலாவை வரை போய்விட்டார். மாப்பிள்ளையும் பெண்ணும் பிஸ்கட் வெட்டினார்களாம். இன்னொருவர் மறுநாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பல் பிடுங்க இருந்தவர். கேட்ட கதையில் ஊர்க்காரர்கள் பல்லைக் கோத்து மாலை போடவே, ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. இவர்கள் வீட்டார் எல்லாம் முதலாளிக்குப் போன் அடித்தார்கள். முதலாளி ஸ்டாண்டில் வைத்து, எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இனி ஒரே ஒரு ஆளு ஹோல்ட்டத் தாண்டிப் போனேன்னு எனக்குப் போன் பண்ணட்டும். பையக் கழட்டி வச்சிட்டு நீ வீட்டுக்குப் போகலாம்."

இன்டர்வெல் அண்ணன் நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார். பஸ் செத்த வீடு மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. பெரியம்மாவே தாங்காமல், "மெதுவாச் சொல்லு சாமி, யாரு கேக்கப் போறா" என்றார்.

அன்றைக்குச் சொன்ன கதை இது. எங்கோ ஒரு மலைக்கிராமம். புதுப்பெண் ஒருத்தி கல்யாணம் கட்டி வருகிறாள். அறுவடை நெருங்குகிறது. தினமும் ஒரு வீட்டிலிருந்து ஒரு பிடி சோறு கொண்டுவந்து, அன்பாக அவளுக்கு ஊட்டிவிட்டுப் போகிறார்கள். ஊட்டுகிறவர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் கையை அழுத்திப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். கடைசியில் அறுவடை நாள். ஊரே புதுத்துணி உடுத்தி அவள் வாசலில் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது.

"அவ்வளவுதான்" என்றார் இன்டர்வெல் அண்ணன்.

பெருமூச்சுகளுக்கு நடுவில் ஒரு குரல் கேட்டது. "என் ஹோல்ட் எங்க?"

டீச்சர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். வெளியே ரோடு தெரியாத அளவுக்கு ஒரே மிஸ்ட். அவருடைய ஹோல்ட் ரெண்டு வளைவுக்குப் பின்னால் போயிருந்தது. சுனில் ஐயா பிரேக்கைப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து, இன்டர்வெல் அண்ணனைத் தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டுக் கேட்டார்.

"மல்லி, முனியாண்டிக்குக் காசு போட்டியா?"

விஷயம் அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது. டீச்சரின் ஹோல்டைத் தாண்டியதும் ஒரு வளைவில் வாகை மரத்தடியில் முனியாண்டி கல் இருக்கிறது. அங்கே பஸ்ஸை மெதுவாக்காத டிரைவர் கிடையாது. இன்டர்வெல் அண்ணன் ஓடிப்போய் உண்டியலில் காசு போட்டுவிட்டு வந்து தொற்றிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பஸ் வேகம் எடுக்கும். அன்றைக்கு டிரைவரும் கதையில் இருந்தார், கொண்டக்டரும் கதையில் இருந்தார். முனியாண்டி மட்டும் ரோட்டில் நின்றிருக்கிறார்.

அந்த ரோட்டில் பஸ்ஸைத் திருப்ப இடமில்லை. டீச்சரை நடந்து கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்படியே காசையும் போட்டுவிட்டு வருகிறேன் என்றார் இன்டர்வெல் அண்ணன். சொன்னவர் இறங்கவில்லை. மிஸ்ட்டைப் பார்த்தார். பிறகு கதவோரம் இருந்த என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்களும் சும்மா ஒரு நட வாங்களேன்." எனக்கு மறுக்கத் தெரியாது. இறங்கினேன்.

டீச்சர் முன்னால் நடந்தார். நாங்கள் இருவரும் அவருக்குப் பின்னால், ஒருவர் கையை ஒருவர் பிடிக்காத குறையாக. வாகை மரத்தடிக்கு வந்ததும் இன்டர்வெல் அண்ணன் தோளைத் தடவினார். பை பஸ்ஸில் இருந்தது. எனக்கும் சட்டைப்பை காலி. டீச்சர் கைப்பையைத் திறந்து, செபமாலையை ஒதுக்கி, ஒரு குத்திக் காசை எடுத்து நீட்டினார்.

"போடுங்க. அவரு உங்க மேல கோவிச்சிகிட்டா எனக்குத்தான் பஸ் இல்லாமப் போகும்."

இன்டர்வெல் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். காசு விழுந்த சத்தத்துக்கு நாங்கள் இருவரும் ஒரு அடி பின்னால் வந்தோம்.

"இப்ப சொல்லுங்க" என்றார் டீச்சர். "கதவத் தொறந்தாளே, அப்புறம் என்ன?"

"கடைசியச் சொல்ல மாட்டேனுங்க டீச்சர்."

"சொல்லலைனா இன்னைக்கே முதலாளிக்குப் போன் பண்ணுவேன்."

இன்டர்வெல் அண்ணன் தொப்பியைக் கழற்றினார். அவர் தலையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பாதி வழுக்கை.

"தெரியாதுங்க டீச்சர். கதவு தொறந்தோன்ன போன அணச்சிட்டேன். எந்தப் படமும் நான் முழுசாப் பார்த்ததில்லீங்க. பயமா இருக்கும்."

டீச்சர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, ஹோல்ட் வரும்வரை தோள் குலுங்க நடந்தார். அங்கிருந்து அவர் வீட்டு விளக்கு தெரிந்தது. "ரெண்டு பேரும் திரும்பிப் போயிருவீங்களா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் வாகை மரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். அவரே எங்களை மறுபடி வாகை மரம் வரை கொண்டுவந்து விட்டு, பஸ் விளக்கு எங்கள் கண்ணுக்குத் தெரியும்வரை போன் டோர்ச்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முனியாண்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

திங்கட்கிழமை சாயந்தரம் இன்டர்வெல் அண்ணன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முதலாளி அவரை மறுநாள் காலையில் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லியிருந்தாராம், ஏனென்று சொல்லாமல். டீச்சர் ஏறினார். இரண்டாவது வரிசையைத் தாண்டி வந்து, பெரியம்மாவின் சாக்கை நகர்த்தச் சொல்லி, சபைக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"முதலாளிக்குப் போன் பண்ணிட்டேன்" என்றார். சுனில் ஐயா கண்ணாடி வழியாகப் பார்த்தார். "மிஸ்ட்டுல என்னைய வீடு வரைக்கும் கொண்டாந்து விட்ட கொண்டக்டர நல்லா வச்சிக்கடான்னு சொன்னேன். நேத்துப் பூசை முடிஞ்சி வந்து படத்தையும் பார்த்துட்டேன்."

இன்டர்வெல் அண்ணன் கம்பியை இறுக்கிப் பிடித்தார். "கடைசி?"

டீச்சர் வாயைத் திறந்தார். அவருடைய கண் அந்தக் குரங்குத் தொப்பியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, "நல்லபடியா முடிஞ்சிச்சு" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் பார்த்திருப்பீங்களே. என்ன?"

நானும் பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. அந்த ஊரில் ஒரு ஆள் மிஞ்சவில்லை. கோழி கூட மிஞ்சவில்லை.

அந்தப் பஸ்ஸில் முதல் தடவையாக வாயைத் திறந்தேன். "ஆமாங்கண்ணே. திருவிழா நல்லா நடந்துச்சு. புதுப்பொண்ணு அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

இன்டர்வெல் அண்ணன் காதுக்குப் பின்னாலிருந்த பேனையைச் சரிசெய்துகொண்டார். "நான் நெனச்சேன்" என்றார். சிங்களத்தில் ஹரி, ஹரி, போகலாம் என்று பஸ்ஸைத் தட்டினார்.

அன்றிலிருந்து அவர் பாதி பார்க்கிறார், நாங்கள் மீதி பார்க்கிறோம். உலகத்தில் எந்த மலைக்கிராமத்தில் என்ன நடந்தாலும், நோர்வூட் பஸ்ஸில் எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.