கீரைப் பாத்திக்கு ஒளி வழங்கிய சபை

சூரியனுக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றி, அதைச் சூரியனுக்கே உரக்க வாசித்துக் காட்டிய பெருமை பூலோகத்தில் ஒரே ஒரு சபைக்குத்தான் உண்டு. 1908ஆம் ஆண்டு சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையில் உதயமான ‘ஒளி பரப்பும் சபை’தான் அது. அதற்கு முன்பெல்லாம் சூரியன் ஏதோ தன்பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தான், பாவம், முறையான அங்கீகாரம் இல்லாமல்.

சபையின் காரியதரிசி கோவிந்தசாமி. ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது எழுத்தர். பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று ஒருநாள் அவர் கையில் சிக்கியது. செடிகொடிகள் வெயிலைப் பிடித்துச் சமைத்துச் சாப்பிடுகின்றன என்று அதில் போட்டிருந்தது. இலையில் இருக்கும் பச்சை வெயிலைப் பிடிக்கிறதாம். அந்த பலத்தில் காற்றையும் தண்ணீரையும் சேர்த்து மாவாக்குகிறதாம். மாவைச் சர்க்கரையாகக் கரைத்துத் தண்டுக்கும் வேருக்கும் அனுப்பிவிடுகிறதாம். கோவிந்தசாமிக்குப் புல்லரித்துவிட்டது. ‘முப்பத்தெட்டு வயசுவரைக்கும் கீரையை வெறும் கீரை என்றல்லவா தின்று தீர்த்தோம்!’ என்று மனம் நொந்தார். படித்த மனிதர் மனம் நொந்தால் வேறென்ன செய்வார்? சபை தொடங்கினார்.

தலைவராக வாய்த்தவர் துணி வியாபாரி நெய்னா முகம்மது மரைக்காயர். தம் கடைக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தைக் கூட்டம் நடத்தக் கொடுத்தார். அந்த இடத்தின் பாதியில், அவர் அனுமதியோடு, பூவம்மா கீரை போட்டிருந்தாள். புருஷனை இழந்தவள். காலையில் கீரை பறித்துத் தேக்காப் பக்கம் வீடுவீடாகக் கூடை இறக்கினால்தான் அன்று அவள் அடுப்பில் உலை ஏறும். அவளுக்கு வேறு வழி கிடையாது.

முதல் கூட்டத்திலேயே ஒரு தடங்கல். கோவிந்தசாமி வெயிலின் மகிமையை எடுத்துச் சொல்லச் சொல்ல, உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தலையில் துண்டைப் போட்டார்கள்.

"வெயில் மண்டையப் பொளக்குதுங்க," என்றார் ஒருவர்.

ஒளியைப் பற்றிச் சிந்திக்கிறவர்கள்மேல் ஒளி படக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. கம்பெனியில் கழித்துப்போட்ட கப்பல் கித்தான் துணி ஒன்றைக் கோவிந்தசாமி கேட்டு வாங்கிவந்து கூரையாகக் கட்டினார். தார் பூசிய கறுப்புக் கித்தான், நாற்பது அடி நீளம். கூட்டத்துக்கு இருபது அடியே தாராளம். மிச்ச இருபது அடி கீரைக்கு மேலே போய் நின்றது. உட்கார்ந்திருப்பவர்கள் அண்ணாந்து படிக்க வசதியாக, உட்புறத்தில் சுண்ணாம்பால் ஆளுயர எழுத்துகள். ஆட்களின் தலைக்கு மேலே ‘சிராங்கூன் சாலை’. கீரையின் தலைக்கு மேலே ‘ஒளி பரப்பும் சபை’.

பத்து நாள் கழித்துப் பூவம்மா வந்து நின்றாள்.

"கிராணி ஐயா, அந்தக் கித்தானைப் பாதி சுருட்டிக் கட்டுங்களேன். கீரையெல்லாம் வெளுத்துப்போச்சு. நெடுநெடுன்னு நூலாட்டம் வளந்து சாயுது."

"பாதியச் சுருட்டினா ‘சிராங்கூன் சாலை’ மட்டும்தாம்மா மிஞ்சும். பாக்குறவன் இது சபையா சாலையான்னு கேக்க மாட்டானா?"

"கூட்டம் இல்லாத நாள்லயாவது..."

"கூட்டம் இல்லாட்டியும் சபை சபைதான். எதுக்கும் எழுத்து மூலமா மனுக் கொடு."

"எனக்கு எழுதத் தெரியாதுங்களே!"

அதற்காக ஓர் ஏழையின் குரல் அடங்கிப்போகலாமா? கோவிந்தசாமியே உட்கார்ந்து, பூவம்மாவின் சார்பில், தமக்கே ஒரு மனு எழுதினார். பிறகு எழுந்து நின்று அதைத் தாமே பெற்றுக்கொண்டார். முத்திரையும் குத்தினார். இப்பேர்ப்பட்ட பெருந்தன்மையை வேறு எந்த ஆபீஸில் பார்க்க முடியும்?

இலைக்குள் ஒளி எப்படி நகர்கிறது என்பதை இன்றைக்கு ஆங் மோ கியோ பள்ளியில் படிக்கிற பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள். நூற்றுக்கணக்கான பச்சைத் துணுக்குகள் ஒளியைப் பிடித்து, ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றி, நடுவே வேலை நடக்கும் இடத்தில் சேர்த்துவிடுகின்றன. கண்ணிமைக்கும் நேரம்கூட ஆவதில்லை. கையெழுத்து கிடையாது, ‘மேல் நடவடிக்கைக்கு’ என்ற குறிப்பு கிடையாது. என்ன ஒழுங்கீனம்! பூவம்மாவின் மனு அப்படித் தறிகெட்டு ஓடவில்லை. காரியதரிசியிடமிருந்து ‘நிழல் உபகுழு’வுக்குப் போயிற்று. நிழல் உபகுழு, கீரை தன் வரம்பில் வராது என்று ‘தாவர உபகுழு’வுக்கு அனுப்பியது. தாவர உபகுழு, கித்தான் ஒரு தாவரம் அல்ல என்று கண்டறிந்தது. ஐந்து வாரம் கழித்து மனு காரியதரிசியிடமே பத்திரமாகத் திரும்பி வந்து சேர்ந்தது.

அதற்குள் பூவம்மாவின் கூடை கால்வாசிக்கு வந்துவிட்டது. "என்னம்மா, கீரைக்கு மஞ்சக்காமாலையா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். புதிதாக விதைத்ததும் மஞ்சளாகவே முளைத்தது. பாத்தியோரம் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள். சபை அன்று ‘ஒளியும் மனித குல நன்மையும்’ என்ற சொற்பொழிவில் மூழ்கியிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

ஆண்டின் மகத்தான கூட்டம் வந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, கோவிந்தசாமி பரிசோதனை செய்து காட்டப்போகிறார். இரண்டு நாள் முன்பே பூவம்மாவின் பாத்தியில் நல்ல நடுவாகப் பார்த்து, ஓர் இலையின் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி வைத்திருந்தார். அதைப் பறித்துக் காகிதத்தை எடுத்துவிட்டு உயர்த்திப் பிடித்தார்.

"கனவான்களே! ஒளி படாத பாதியில் மாவு இராது. அயோடின் டிஞ்சர் விட்டால் வெளுப்பாகவே நிற்கும். ஒளி பட்ட பாதி, மாவு இருப்பதால், கருநீலமாக மாறும். இலை பொய் சொல்லாது!"

இலையை வெந்நீரில் போட்டார். பச்சை போவதற்காகச் சாராயத்தில் போட்டுச் சூடாக்கினார். மரைக்காயர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

"ஆவி என் பக்கம் வராமப் பாத்துக்குங்க, செக்ரட்டரி."

"குடிக்கிறது இலைதான், முதலாளி."

இலையை அலசித் தட்டில் விரித்து டிஞ்சரை விட்டார். மூடிய பாதி வெளுப்பு. மூடாத பாதியும் வெளுப்பு. இன்னும் நாலு சொட்டு விட்டார். இலை அசைந்து கொடுக்கவில்லை.

"டிஞ்சர் பழசோ?" என்றார் மரைக்காயர்.

விளம்பரம் ஒட்டக் கரைத்து வைத்த சோற்றுப் பசையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார்கள். பசை உடனே கருநீலமாயிற்று. டிஞ்சர்மேல் குற்றமில்லை. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். ஆனால் கோவிந்தசாமி சாதாரண ஆளா? மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

"மூடிய பாதி வெளுத்தது நியாயம். மூடாத பாதி ஏன் வெளுத்தது? எவனோ ஒரு பாவி அதன்மேலும் கறுப்புக் காகிதம் போட்டு மறைத்திருக்கிறான்! ஓர் உயிரின் வாயில் விழவேண்டிய ஒளியைத் தட்டிப் பறித்த அந்தத் துரோகி யார்? அவன் பெயரைக் கண்டுபிடித்துப் பதிவு செய்ய இப்போதே விசாரணைக் குழு அமைக்கிறேன்!"

கைதட்டல் கடைத்தெருவரை கேட்டது. அது ஓய்ந்ததும் பாத்தியோரத்திலிருந்து பூவம்மா பேசினாள்.

"குழுவெல்லாம் எதுக்குங்க? அந்தக் காகிதம் நாற்பதடி நீளம். ஒண்ணரை மாசமா தலைக்கு மேலதான் தொங்குது. கட்டுனவங்க பேரையும் அதுலயே எழுதி வச்சிருக்காங்க. எனக்குத்தான் படிக்கத் தெரியாது. கீரைக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு நீங்க கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க, கிராணி ஐயா."

மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பார்த்தது.

"படிங்க செக்ரட்டரி, சத்தமா," என்றார் மரைக்காயர்.

குற்றவாளியின் பெயரை ஒளிக்காமல் சபைக்கு அறிவிப்பது காரியதரிசியின் கடமையல்லவா? கோவிந்தசாமி படித்தார்.

"ஒளி பரப்பும் சபை."