குச்சி அண்ணன் உட்கார்ந்த வால்வு

மார்ச் 12, புதன்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். பால் இரண்டு பாக்கெட். குழாயில் தண்ணீர் 6.05 முதல் 6.45 வரை வந்தது. அரை நாள் லீவு வேண்டுமென்று ஆபீஸ் மேனேஜருக்கு மெசேஜ் அனுப்பினேன். காரணம்: கூட்டம். என் டைரியில் அந்த நாள் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவுக்கு நான் குடிவந்து பதினாறு வருடமாகிறது. மனிதர்களின் வாய் வார்த்தையை ஒரு தடவைகூட நம்பாத ஆள் என்று இங்கே நான் கண்டது ஒருவரைத்தான். கடவுளே நேரில் வந்து நின்று "நான்தான் கடவுள்" என்றாலும், குச்சி அண்ணன் "இருக்கட்டும் சாமி, மொதல்ல சம்ப் மூடியைத் தொறங்க" என்பார்.

அவர் நகரசபையின் தண்ணீர் ஆள். தெருத்தெருவாக வால்வைத் திறந்து மூடும் வேலை. "அடுத்த மாதம் நிரந்தரம்" என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லிவருகிறார்கள். ஒரு கையில் வால்வு திறக்கும் இரும்புச் சாவி, மறு கையில் ஏழடி மூங்கில் குச்சி. குச்சியில் அங்குலத்துக்கு ஒரு வெட்டு. யாராவது தண்ணீர் போதவில்லை என்றால் நேரே வீட்டுக்குள் வந்து, சம்ப் என்கிற தரைத்தொட்டியில் குச்சியை விட்டு, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் எத்தனை நிமிடம் தண்ணீர் விடுவது என்ற கணக்கு.

ஒரு கவுன்சிலரின் மைத்துனர் தொட்டி காலி என்று சத்தம் போட்டார். குச்சி கழுத்துவரை நனைந்து வெளியே வந்தது. "சார், காலியா இருக்கறது உங்க பேச்சு மட்டும்தான்" என்று சொல்லி, அந்த வீட்டின் குழாயைப் பத்து நிமிடம் முன்னதாகவே மூடிவிட்டார்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஓசூர் போனபோதும் குச்சி கூடவே போனது. மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார், என்ன வேலை என்று எதுவும் கேட்கவில்லை. பின்கட்டுக்குப் போய்த் தொட்டியில் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு வந்து, "அஞ்சடி இருக்குது. பொண்ணைக் குடுக்கலாம்" என்றார். மகள் இன்றுவரை சௌக்கியமாக இருக்கிறாள்.

இப்படிப்பட்டவரின் எல்லைக்குள்தான் டேட்டா சென்டர் வந்தது. எங்கள் லேஅவுட்டின் கடைசியில் ஜன்னலே இல்லாமல் ஒரு கட்டடம். உள்ளே ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டர்களாம். அவை சூடாகுமாம், குளிரவைக்கத் தண்ணீர் வேண்டுமாம். எங்கள் தெருக்களுக்கு வரும் அதே குழாயிலிருந்து அதற்கு ஒரு கிளை போட்டு, எங்கள் தெருமுனையில் ஒரு வால்வும் வைத்துவிட்டார்கள். அதன்பிறகுதான் எங்கள் கருத்தைக் கேட்கக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அதற்குத்தான் என் அரை நாள் லீவு.

கம்பெனி அதிகாரி திரையில் படம் காட்டினார். எல்லாப் படத்திலும் மரங்கள் இருந்தன. முடித்ததும் குச்சி அண்ணன் எழுந்தார்.

"நல்லா இருக்குது சார். ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி?"

"அது கம்பெனி ரகசியம். வெளியே சொல்ல முடியாது."

"என் வூட்டுத் தொட்டியில எவ்ளோ இருக்குதுன்னு தெருவுக்கே தெரியும். உங்க தொட்டி மட்டும் இன்னா, முக்காடு போட்டு கோஷாவுல இருக்குதா?"

மண்டபம் சிரித்து அடங்க நேரமானது. அதிகாரி பொறுமையாக, "உங்க கையில இருக்கற போனே இதை நம்பித்தான் ஓடுது" என்றார்.

"ஓடட்டும் சார். வேணாம்னு யாரு சொன்னா? மீட்டரைக் காம்பவுண்டுக்கு வெளிய, ரோட்டைப் பார்த்து வைங்க. போறவன் வர்றவன் படிக்கட்டும். வெயில் காலத்துல எங்களோட முறையில வாங்க. மூணாவது கிராஸ் தெருவுக்கு அடுத்து நாப்பது நிமிஷம்."

"நாற்பது நிமிஷமா! சர்வர் எல்லாம் வெயிட் பண்ணாது சார்!"

"எங்க மாமியாரும்தான் எதுக்கும் வெயிட் பண்ணாது. தண்ணிக்குப் பண்ணுதே!"

மேடையில் இருந்த நகரசபை இன்ஜினியருக்கு முகம் சிவந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் வாசலில் குச்சி அண்ணனைப் பிடித்தார். "சாயங்காலம் அந்தப் புது வால்வைத் தொறக்கணும். ஆர்டர் ஆகிடுச்சு."

"மீட்டர் வெளிய வரட்டும் சார், தொறக்கறேன்."

"அப்போ சாவியைக் கொடுப்பா. வேற ஆள் தொறப்பான். நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம்."

குச்சி அண்ணன் சாவியைத் துண்டால் துடைத்துக் கொடுத்தார். மண்டபத்துக்குள் போய், மண்டப மேனேஜரிடம் சொல்லிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தார். அப்படியே தெருமுனைவரை நடந்தார். புது வால்வை மூடியிருக்கும் கான்கிரீட் பலகையின்மேல் நாற்காலியைப் போட்டார். உட்கார்ந்தார்.

இன்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். "எந்திரி."

"சாவி உங்க கிட்ட இருக்குது சார். பலகை எனக்குக் கீழ இருக்குது. மீட்டர் வரட்டும், எந்திரிக்கறேன்."

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்புடுங்க. அவங்க ஸ்டேஷன் தொட்டியும் எனக்குத் தெரியும். ரெண்டடிதான்."

ஜீப் திரும்பிப் போனது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள், போனில் படமெடுத்தார்கள், பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். நான் அருகில் போய், "அண்ணே, வேலை போயிடுமே" என்றேன்.

"போச்சுன்னா என் ஒருத்தனுக்குத்தானே சார். தண்ணி போச்சுன்னா?"

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று அன்றைய டைரிப் பக்கத்தில் பார்த்தேன். எழுதியிருப்பது இவ்வளவுதான்: "மாலை 6.20. வீட்டுக்கு வந்துவிட்டேன்." டைரி எழுத ஆரம்பித்த நாளிலிருந்து, படிக்க வெட்கமாக இருக்கும் வரி எனக்கு அது ஒன்றுதான்.

மார்ச் 13, வியாழக்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாகச் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்த குச்சி அண்ணனைக் கொஞ்சம் நகரச் சொல்லி, அதே பலகையின்மேல் போட்டு உட்கார்ந்தேன்.