தண்ணீர் லோரிக்கு ஒரு மெயில்

தோட்டத்தில் தண்ணீர் பம்பு எரிந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத் தெளிவான விதி இருக்கிறது. தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி, செண்டாயானில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். தலைமை அலுவலகம் அதைப் பரிசீலித்து, மனமிரங்கி, தண்ணீர் லோரி அனுப்பும். அதுவரை தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துச் சனங்கள் பொறுமை காக்க வேண்டும். பொறுமை காப்பதற்கு மட்டும் முன் அனுமதி தேவையில்லை.

பெடாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் திங்கட்கிழமை பம்பு எரிந்தது. புதன்கிழமை ஆகியும் மெயில் போகவில்லை. பெரிய கிராணி சத்தியசீலன் நல்ல மனுஷர்தான், பாவம். அவர் வீட்டுத் தொட்டியும் காய்ந்துதான் கிடந்தது. போத்தல் தண்ணீரில் முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு ஆபீசுக்கு வருவார், கம்ப்யூட்டரில் மெயிலைத் திறப்பார். அது பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அப்படியே நிற்கும். மவுசை எந்தப் பக்கம் இழுத்தாலும் அசையாது.

வாசலில் முத்தாயி காலி வாளியோடு நிற்பாள். லயத்தில் குடியிருப்பவள், பள்ளிக்கூட கேண்டீனில் வேலை, வாய் கொஞ்சம் நீளம்.

"கிராணி, தண்ணி என்னாச்சு?"

"மெயில் ஸ்டக் ஆயிடுச்சும்மா."

"போன்ல சொல்லுங்க லா."

"சொன்னேன். மெயில்ல போடச் சொன்னாங்க. மெயில் வேலை செய்யலன்னேன். அதையும் மெயில்ல போடச் சொல்றாங்க."

முத்தாயி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

சத்தியசீலன் போன் போட்டுப் போட்டுத் தொல்லை கொடுத்ததில், கணினிப் பிரிவு யோகேந்திரன் மறுநாள் செண்டாயானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். வந்தவன் என்னவோ தட்டினான். மெயில் சமர்த்தாகத் திறந்துகொண்டது.

"சேஃப் மோடுல திறந்திருக்கேண்ணே. மெயிலோட ஒட்டிக்கிட்டு இருக்குற ஆட்-இன் எல்லாத்தையும் கழட்டிட்டு, வெறும் மெயிலு மட்டும்."

"அப்ப இப்படியே அனுப்பிடுவோம் தம்பி."

"முடியாதுண்ணே. ஆட்-இன் இல்லாத மெயிலை ஹெட் ஆபீஸ் ஏத்துக்காது. சட்டை போடாம கல்யாணத்துக்குப் போற மாதிரி. வாசல்லயே திருப்பிடுவாங்க."

அதுவும் நியாயம்தான். ஒவ்வொரு ஆட்-இன்னுக்குப் பின்னாலும் ஒரு பெரிய மனிதர் இருந்தார். பாதுகாப்பு அதிகாரி வைத்தது, எல்லா மெயிலின் அடியிலும் தலைக்கவசம் அணியச் சொல்லும். பசுமைக் குழுத் தலைவர் வைத்தது, காகிதத்தை வீணாக்காதீர் என்று ஒரு மரத்தை ஆட்டிக் காட்டும். மனிதவள இயக்குநர் போர்ட்டிக்சன் ஹோட்டலில் மன அமைதிக் குர்சுஸ் என்ற பயிற்சிக்குப் போய் வந்தவர். அதன் பலனாக, மெயில் அனுப்பும் முன் திரையில் ஒரு நீல வட்டம் உப்பிச் சுருங்கும். அதோடு சேர்ந்து மூச்சை இழுத்து விட்ட பிறகுதான் அனுப்பும் பொத்தானே கண்ணில் படும். செயற்கை நுண்ணறிவு இல்லாத ஆபீசும் ஓர் ஆபீசா என்று இன்னொருவர் வாங்கிப் போட்டது, எழுதுவதையெல்லாம் இனிமையாக்கிவிடும். 'லயத்தில் தண்ணீர் இல்லை' என்று சத்தியசீலன் தட்டியதை, 'லயத்தில் தண்ணீருக்கான அருமையான வாய்ப்பு உருவாகியுள்ளது' என்று அது மெருகேற்றி வைத்திருந்தது.

"ஒன்னொன்னா மாட்டிப் பாப்போம். எதுல நிக்குதோ அதான் குற்றவாளி," என்றான் யோகேந்திரன்.

தலைக்கவசத்தை மாட்டினார்கள், மெயில் ஓடியது. மரம் ஆடியது, ஓடியது. இனிமையும் தடங்கலின்றி ஓடியது. நீல வட்டத்தோடு சேர்ந்து இருவரும் மூச்சிழுத்தார்கள். குளிக்காத கிராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆழமாக மூச்சிழுப்பது யோகேந்திரனுக்குச் சிரமமாக இருந்தது, ஆனால் மெயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசி ஆட்-இன்னை மாட்டியதும் கல்லாய்ச் சமைந்தது.

"இதான்ணே. மெயில் வேகத்தை அளக்குறது. மெயில் மெதுவா போனா, மெதுவா போகுதுன்னு ஹெட் ஆபீசுக்கு இது ஒரு மெயில் போடுது. அதுவும் மெதுவா போகுதா, அதைச் சொல்ல இன்னொன்னு போடுது. மூளையைக் கழட்டி வச்சிட்டுத்தான் இதை எவனோ யோசிச்சிருக்கான்."

சத்தியசீலன் மெதுவாக எழுந்து, சுவரில் தொங்கிய படத்தைத் தம் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். சிறந்த யோசனை சொன்ன ஊழியர் என்று அவர் கேடயம் வாங்கிய படம் அது. அந்தக் கேடயம் வந்த பிறகுதான் மாமியார் வீட்டில் அவருக்குக் கோழியில் நல்ல துண்டாகப் போட ஆரம்பித்திருந்தார்கள்.

"நல்லாப் பாத்தீங்களா தம்பி? எனக்கு அந்த மூச்சு மேலதான் சந்தேகம்."

"இதான்ணே."

"மரம்?"

"இதான்ணே."

வாசலில் வாளி தரையில் உரசும் சத்தம் கேட்டது. கேடயமா குளியலா என்று கிராணி தவித்துப் போனார். ஆனால் உடம்பு அரிப்புக்குக் கேடயம் மருந்தாகுமா?

"கழட்டிடுங்க," என்றார்.

மெயில் போனது. சனிக்கிழமை லோரியே வந்துவிட்டது.

சத்தியசீலன் தோட்டத்துக் குடியிருப்பாளர் நலச் சங்கத்தின் செயலாளரும்கூட. லோரி வருவது உறுதியானதுமே பந்தல் போட்டு, மைக் வைத்து, நிகழ்ச்சி நிரலும் அடித்துவிட்டார். இறைவாழ்த்து, குத்துவிளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, லோரி ஓட்டுநர் மாயாண்டிக்குப் பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்குப் பொன்னாடை, நன்றியுரை, அதன் பிறகு தண்ணீர். இதில் எதையும் தொட முடியாது. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் சங்கத்தில் ஒருவர் இருந்தார்.

"கிராணி, நான் மம்பாவுக்கும் தண்ணி கொண்டு போகணும் லா," என்றார் மாயாண்டி.

"செத்த இருங்க, தலைவர் இப்பத்தான் மைக்கைத் தட்டுறாரு."

வெயிலில் வாளிகள் வரிசையாக நின்றன. முத்தாயி வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"கிராணி, அன்னைக்கு மெயிலு எப்படிப் போச்சு?"

சத்தியசீலனுக்குப் பெருமை பொங்கிவிட்டது. "கழுத்தறுக்குற ஆட்-இன்னைக் கண்டுபிடிச்சுக் கழட்டினோம்மா. அதுக்குத்தான் சேஃப் மோடு."

"அப்ப இதையும் அதே மோடுல தொறந்துடுவோம்," என்று சொல்லிக்கொண்டே முத்தாயி லோரியின் குழாயைத் திருகிவிட்டாள்.

தண்ணீர் கொட்டியது. பந்தலில் தலைவரும் மைக்கும்தான் மிச்சம். சத்தியசீலனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரு வாரத்து அழுக்கு போன சுகத்தில் லயமே சிரித்துக்கொண்டிருந்தது.

பாடம் வீண்போகவில்லை. தேவையற்ற ஆட்-இன்களைக் கண்டுபிடிக்க ஒரு புதிய ஆட்-இன்னைத் தலைமை அலுவலகம் உடனே அனுப்பி வைத்தது. சங்கமும் அவசரக் கூட்டம் போட்டு, முத்தாயியின் துணிவை ஒருமனதாகப் பாராட்டியது.

புதுப் பம்பு வராததால் அடுத்த சனிக்கிழமையும் லோரி வந்தது. எல்லா உரைகளும் முடிந்தன, எல்லாப் பொன்னாடைகளும் போர்த்தப்பட்டன. மாயாண்டி குழாயில் கை வைத்தார்.

"பொறுங்க," என்றார் சத்தியசீலன், நிரலைக் காட்டி. நன்றியுரைக்குக் கீழே ஒரு வரி கூடியிருந்தது: குழாய் திறப்பு, திருமதி முத்தாயி.

"அவங்க எங்க?"

"வீட்டுல சேலை மாத்திக்கிட்டு இருக்காங்க."

வாளிகள் வெகுநேரம் காத்திருந்தன. முத்தாயி பட்டுச்சேலையும் மல்லிகைப் பூவுமாக வந்து சேர்ந்தாள். குழாய்ப் பக்கம் போகவில்லை. நேராக மைக்கிடம் போய், அதை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ரொம்ப நேரம் பேசப் போறதில்ல."

மாயாண்டி லோரி எஞ்சினை அணைத்தார்.