இருட்டுக்கு வந்த பில்

இந்த மலைநாட்டில் இருட்டுக்குக் கரண்டு பில் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் லயத்துப் பில்லுக் கங்காணிதான். இன்னொருத்தர் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

கொழுந்தெடுக்கும் பெண்களைப் பேர் கூப்பிட்டு வேலை வாங்கும் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். 'பில்லு' என்பது பிறகு ஒட்டிக்கொண்டது. அவருடைய சொந்தப் பேர் கரண்டு ஆபீசுக்கு மட்டும்தான் தெரியும். அவர்களும் அதை மதித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் கொட்டகலைக்கு மேலே. எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். கோயில் பக்கம் இருக்கிற முதல் காம்பரா எங்களுடையது. மூன்றாவதில் கங்காணியும் அவர் மனைவி சரசக்காவும். நான்காவதில் ஆட்டோ ஓட்டும் செல்வம். பொங்கல் பங்கு வைத்தாலும், பைப்பில் தண்ணீருக்கு முறை வைத்தாலும், கோயில் பக்கத்திலிருந்துதான் எண்ணுவோம். கரண்டு வந்த காலத்தில் பேர் கேட்டபோதும் அப்படியே வரிசையாகச் சொல்லிவிட்டோம். ஆறு மீட்டரையும் மறுகோடியில், ரோட்டுப் பக்கச் சுவரில் ஒன்றாக அடித்தார்கள். மாதாமாதம் ரீடிங் எடுக்க வருகிறவன் ஆறு பில்லையும் அங்கே ஓர் ஆணியில் குத்திவிட்டுப் போவான். அவரவர் பேரைப் பார்த்து அவரவர் எடுத்துக்கொள்வோம்.

இப்படியே நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது செல்வம் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினான். ஐஸ் பாக்கெட் விற்கத் தொடங்கினான். இந்தக் குளிரில் ஐஸா என்று கேட்காதீர்கள், பிள்ளைகள் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டே வாங்கித் தின்றார்கள். அவன் வீட்டுப் பில் மட்டும் ஏறவே இல்லை. விற்றவன் சொன்னது சரிதான், இது கரண்டே குடிக்காத ஃபிரிட்ஜ் என்று ஊரெல்லாம் பெருமை அடித்தான்.

ஏறியது கங்காணி வீட்டுப் பில்.

அவர் வீட்டில் இருந்தது இரண்டு பல்பு, சரசக்காவின் மூச்சு மெஷின், அவ்வளவுதான். சரசக்காவுக்கு இழுப்பு. மிஸ்ட், அதுதான் பனிமூட்டம், இறங்கினால் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும், மருந்தை ஊற்றி முகமூடியை மாட்டினால்தான் மூச்சு வரும். ஈ.பி.எஃப். பணம் கைக்கு வந்ததும் கங்காணி முதலில் வாங்கியது அந்த மெஷினைத்தான். அதைத் துடைக்கிற துணியைக் கூட வேறு யாரும் தொட விடமாட்டார்.

பில்லைத் தூக்கிக்கொண்டு ஹட்டன் கரண்டு ஆபீசுக்கு பஸ் ஏறினார். கவுண்டரில் இருந்த பெண், வீட்டில் கரண்டு எங்கேயாவது கசிகிறதாக இருக்கும், ஆள் அனுப்புகிறோம் என்றாள். கங்காணி வீட்டுக்கு வந்து சுவரையெல்லாம் தடவிப் பார்த்தார்.

"கசிஞ்சா எங்க தம்பி போவும்? தண்ணின்னா வாசல் கானுல வழிஞ்சு ஓடும். இது எங்க போவுது?" என்று என்னிடம் கேட்டார். கொட்டகலை பஜாரில் புடவை மடிக்கிறவன் நான், எனக்கு என்ன தெரியும்?

ஆள் வந்தான். ரோட்டிலிருந்தபடியே மீட்டரைப் பார்த்தான். மீட்டர் நல்லா இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்தது போன். சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தண்ணித் தொட்டிக்கு மேலே உள்ள பாறை. குடையை விரித்துக்கொண்டு அதன்மேல் நிற்பார். தமிழுக்கு இலக்கத்தை அமுக்கினால் ஒரு மெட்டு போடும். நடுவில் ஒரு பெண் குரல், தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது என்று சொல்லும். "முக்கியம்னு சொல்றாங்க தம்பி, நாம வச்சா மரியாதயா இருக்காது" என்று காதில் வைத்தபடியே நிற்பார். லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த மெட்டு பாடம். ஒருநாள் நிஜமாகவே ஓர் ஆள் பேசினான். இவர் வணக்கம் சொல்லி, தோட்டத்தின் பேரைச் சொல்லி, சரசக்காவின் இழுப்பிலிருந்து தொடங்கினார். பில்லுக்கு வருவதற்குள் போனில் காசு முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் கங்காணிக்கு அந்த யோசனை வந்தது. ஒரு மாதம் கரண்டையே தொடக் கூடாது! பல்புகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். குப்பி விளக்கு ஏற்றினார். சரசக்காவின் மெஷினை மட்டும் செல்வம் வீட்டில் கொண்டுபோய் வைத்தார். சரசக்கா அங்கே போய் மூச்சுப் பிடித்துவிட்டு, டிவியில் நாடகமும் பார்த்துவிட்டு வந்தார். செல்வத்தின் மனைவி துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் டிவியை நிறுத்துவதே இல்லை.

மாதம் முடிந்து பில் வந்தது. முந்தின மாதத்தை விடக் கூட.

அந்தத் தடவை ஹட்டனுக்கு நானும் கூடப் போனேன். கங்காணி கவுண்டரில் பல்பை எடுத்து வைத்தார்.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இந்த பல்பக் கேளுங்கம்மா. இருட்டுக்கும் பில்லா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. முதலில் கட்டிவிட்டு முறைப்பாடு செய்யுங்கள், மேலதிகாரி அடுத்த கிழமை வருவார் என்றாள். மேலதிகாரி எந்தக் கிழமையும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. நான் எரிக்காததுக்கு நான் கட்டமாட்டேன் என்று கங்காணி பல்பை மடியில் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். பல்பைத் திரும்ப மாட்டவும் இல்லை, மெஷினைச் செல்வம் வீட்டிலிருந்து எடுக்கவும் இல்லை. பல தடவை போய்ப் பார்த்தார், பதில் ஒன்றுதான். சிவப்பு எழுத்தில் பில் வந்தது. அதையும் கட்டவில்லை.

கரண்டு வெட்ட வந்தார்கள். எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடந்தேன். காலையிலேயே மிஸ்ட் மூடி எதிரில் இருந்த தேயிலை கூடத் தெரியவில்லை. கங்காணி கைகட்டிக்கொண்டு வாசலில் நின்று, "தாராளமா வெட்டுங்க, எனக்கு இருட்டு பழக்கம்" என்றார். பையன்கள் பேப்பரைப் பார்த்து, மீட்டர் நம்பரைப் பார்த்து, ஃபியூசைப் பிடுங்கினார்கள்.

நான்காவது காம்பராவிலிருந்து செல்வத்தின் மனைவி கத்தினாள். டிவி நின்றுவிட்டது. டிவி போனால் போகட்டும். சரசக்கா மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார், அதுவும் நின்றுவிட்டது.

நான் ஓடிப் போனபோது அவருடைய உதடு நீலம் பாய்ந்திருந்தது. நெஞ்சுக்கூடு மேலே வருகிறது, காற்று வரவில்லை, விசில் மாதிரி ஒரு சத்தம்தான் வருகிறது. அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை. கங்காணி மெஷினைப் பிடித்து உலுக்கிக்கொண்டு நின்றார். செல்வம்தான் புத்தியோடு பேசினான்.

"கங்காணி, ஒங்களதுன்னு எங்களதப் புடுங்கிட்டாங்க. ஒங்க வீட்டுல இருக்கும், தூக்குங்க!"

கங்காணி மனைவியைத் தூக்கினார், நான் மெஷினைத் தூக்கினேன். மாதக்கணக்கில் தொடாத பிளக்கில் மாட்டினேன். உர்ரென்று ஓடியது. முகமூடியில் மருந்துப் புகை வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சரசக்காவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கங்காணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் பையன்களிடம் சண்டைக்குப் போனேன். அவர்கள் பேப்பரைக் காட்டினார்கள். பேர் கங்காணியுடையது, நம்பரும் சரி. அந்த மீட்டரிலிருந்து போகிற வயர் மட்டும் செல்வம் வீட்டுக்குப் போனது. ரோட்டுப் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். செல்வம் மூன்றாவது, கங்காணி நான்காவது. நாங்கள் கோயிலிலிருந்து பேர் சொல்லியிருக்கிறோம், அவர்கள் ரோட்டிலிருந்து வயர் இழுத்திருக்கிறார்கள். இத்தனை வருஷமாக ஆறு வீட்டுக்காரரும் ஒருத்தர் வீட்டு வெளிச்சத்துக்கு இன்னொருத்தர் காசு கட்டியிருக்கிறோம்! இருட்டு மாதத்தில் சரசக்கா செல்வம் வீட்டில் பிடித்த மூச்சும் பார்த்த நாடகமும் கங்காணி பில்லில்தான் ஏறியிருக்கிறது.

செல்வம் வெட்கப்பட்டு, அன்றைக்கே போய்ப் பாக்கியைக் கட்டினான். கங்காணி அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "கரண்டு ஆபீசு செஞ்சது கெடக்கட்டும் தம்பி. என் புடிவாதம் அவ மூச்ச நிறுத்தப் பாத்துச்சே" என்றார். மெஷினைத் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பிழையைத் திருத்தச் சொல்லிப் போனால், வீட்டுச் சொந்தக்காரர் கடிதம் வேண்டும் என்றார்கள். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்து ஆபீசில் கேட்டால், மீட்டர் எங்களுடையது இல்லை என்றார்கள். இரண்டு ஆபீசுக்கும் நடந்து செருப்புத் தேய்ந்த பிறகு, கங்காணி தன் வழியில் அதைத் தீர்த்தார். பில் வருகிற அன்று ஆணியிலிருந்து ஆறையும் எடுத்துக்கொண்டு வாசல் வாசலாக வந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிற அதே குரலில், "ஒண்ணாங் காம்பரா!" என்பார். நான் வருவேன். ஆறாம் காம்பராப் பேர் போட்ட பில்லைத் தருவார். ஆறாவது வீட்டுக்கு என்னுடையது. செல்வத்துக்குக் கங்காணியுடையது. வெளியே வரத் தாமதித்தால் அரைப் பேர்தான், அரைநாள் சம்பளம்தான் என்று மிரட்டுவார். ஒரு மாதமும் பிசகவில்லை.

போன மழைக்குக் கங்காணி போய்விட்டார். நெஞ்சுவலி என்றார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. முப்பதாம் நாள் சடங்கு முடிந்த கையோடு கரண்டு ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து, யாரும் கேட்காமலே எல்லா மீட்டரையும் புதிதாக மாற்றி, பேரையும் வயரையும் சரியாகப் பொருத்திவிட்டுப் போனார்கள். அந்த மாதம் முதல் தடவையாக அவர் பேருக்கு அவர் வீட்டுப் பில்லே வந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆனால் அந்தப் பில்களை ஆணியிலிருந்து எடுத்தது சரசக்கா. கங்காணி செய்ததை விடக் கூடாது என்று, சால்வையைப் போர்த்திக்கொண்டு, வாசலுக்கு வாசல் நின்று இளைப்பாறி, அவர் கொடுத்த முறையிலேயே மாற்றி மாற்றிக் கொடுத்தார். மீட்டர் சரியாகிவிட்டதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. செல்வம் சரசக்கா வீட்டுப் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆமாக்கா, என்னோடதுதான். ஒங்க கையில இருக்கறதயும் குடுங்க, டவுனுக்குத்தான் போறேன், சேத்துக் கட்டிர்றேன்" என்று, சரசக்கா வீட்டுக்கென்று அவர் கையில் வைத்திருந்த தன் பேர் போட்ட பில்லையும் வாங்கிக்கொண்டான். நாங்கள் மற்ற நான்கு வீட்டுக்காரரும் அவர் உள்ளே போன பிறகு கதவுக்குப் பின்னால் பில்லை மாற்றிக்கொண்டோம். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது.

"ஒண்ணாங் காம்பரா" என்று முழுதாகக் கூப்பிட அவருக்கு மூச்சுப் போதாது. அவர் தொடங்குவதற்கு முன்பே நான் வாசலில் போய் நின்றுகொள்வேன்.