பதிலோடு வரும் கேள்விகள்

கேள்வி கேட்பவர்களில் ஓர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். பதிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். கிட்வே நகரச் சந்தைக் காவல் நிலையத்தின் சார்ஜென்ட் கபெம்ப்வா அந்த இனத்துக்கே அணிகலன்.

ஒரு சனிக்கிழமை, சந்தையில் யாரோ ஒருவன் கைபேசியைப் பறித்துக்கொண்டு ஓடினான். இனிப்பு மாவு உருண்டை பொரித்து விற்கும் முலெங்காவின் அம்மா பார்த்தது ஒரு முதுகை. அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் நிலையத்துக்கு வந்தாள்.

சார்ஜென்ட் நாற்காலி போட்டு, குளிர்பானம் கொடுத்து, தேன் ஒழுகக் கேட்டார்:

"கத்திய எந்தக் கையில வச்சிருந்தான், முலெங்காம்மா?"

"கத்தியா? நான் முதுகத்தான்..."

"பயந்திருப்பீங்க. மெதுவா யோசிங்க. வலது கைதானே?"

இத்தனை மரியாதையான மனிதரை வெறுங்கையோடு விட யாருக்கு மனம் வரும்?

"வலது கையாத்தான் இருக்கும்."

"சபாஷ்!"

அந்தச் சபாஷில் கத்தி முளைத்தது. இரண்டாம் முறை கேட்டபோது அதற்குக் கறுப்புக் கைப்பிடி வந்தது, மூன்றாம் முறை அது வெயிலில் பளபளத்தது. கடைசியில் ஒரே ஒரு புகைப்படத்தை நீட்டி, "இவன்தானே?" என்றார். சந்தையில் கரி மூட்டை இறக்கும் சிசங்கா. தினமும் கண்ணில் படும் முகம், தெரிந்த முகமாகத் தெரியாதா?

"ஆமா, இவன்தான்!"

சிசங்கா பதினோரு நாள் உள்ளே இருந்தான்.

பிறகு இன்ஸ்பெக்டர் நமகாவ் என்ற பெண்மணி வந்தார். "நீங்க பாத்தத உங்க வாயால சொல்லுங்கம்மா. தெரியாததத் தெரியலன்னே சொல்லலாம்" என்றார். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

அவள் கத்தியைப் பற்றிக் கடகடவென்று சொன்னாள். பிறகு தடுமாறினாள்.

இன்ஸ்பெக்டர் சிசங்காவின் புகைப்படத்தைக் காட்டி, "இந்த முகத்த எங்க பாத்தீங்க?" என்றார்.

"போட்டோவுல" என்றாள்.

"ஓடினப்ப எதப் பாத்தீங்க?"

"முதுகு." சொல்லிவிட்டு அழுதாள்.

அன்று மதியமே சிசங்கா வெளியே வந்தான். அவள் சூடான மாவு உருண்டைப் பொட்டலத்தோடு நிலைய வாசலில் நின்றாள். "நல்லா பாத்துக்கங்கம்மா, என் மூஞ்சி இதான்" என்று ஒன்றை எடுத்துக் கடித்தான்.

சார்ஜென்டுக்குத் துளியும் வருத்தமில்லை. "ஞாபகப்படுத்தத்தானே உதவினேன்!" என்கிறார். அவள் கண்ணை மூடினால் கறுப்புக் கைப்பிடி இன்னும் தெரிகிறது.

வீட்டில் குவளை உடைந்ததும், "சின்னவன்தானே உடைச்சான்?" என்று பெரியவளிடம் சாட்சி வாங்கும் ஆள் நீங்கள் இல்லை, இல்லையா? பதற வேண்டாம். மெதுவாக யோசித்துச் சொல்லுங்கள். இல்லைதானே?