மழையின் பெயர் பூவம்மா

அன்பும் மரியாதையும் மிகுந்த அத்தான் விஜேந்திரன் அவர்களுக்கு, லுணுகலைக்கு மேலே தோட்டத்திலிருந்து மைத்துனன் மயில்வாகனம் எழுதுவது. தோட்டத்துக் காவல் தெய்வம் ரோதை முனி புண்ணியத்தில் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அக்காவும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

என் மகள், உங்கள் மருமகள் கிருஷாந்தி, கம்ப்யூட்டரில் பிஎச்பி என்ற மொழி படித்தவள், மண்சரிவு எச்சரிக்கை அனுப்ப ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். எழுதியது ஒரே வாக்கியம். மழை அளவு வரும் இடத்தில் ஒரு சதவீதக் குறியும் எஸ் எழுத்தும், ஆள் பெயர் வரும் இடத்திலும் அதே. பின்னால் கொடுக்கிற அளவும் பெயரும் வரிசையாகப் போய் அந்த இடங்களில் உட்கார்ந்துகொள்ளும். ஒரே வாக்கியம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற அத்தனை பேரையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது அத்தான். எந்தக் கங்காணியும் எங்களை அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. ஆனால் சனத்துக்கு அது பழகிவிட்டது. போனைப் பார்த்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள்.

போன கிழமை ஒரு பின்னேரம் விடாத மழை. தோட்டத்துப் பாடசாலையில் உட்கார்ந்து பெயர் முன்னால் வரும்படி அவசரமாக வாக்கியத்தைத் திருப்பி எழுதிய பிள்ளை, பின்னால் கொடுக்கிற அளவையும் பெயரையும் திருப்ப மறந்துவிட்டாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற பூவம்மாவுக்கு வந்தது இது: “அன்புள்ள 160, இன்று பூவம்மா மில்லிமீற்றர் மழை பெய்துள்ளது. உடனே பாடசாலைக்கு வாருங்கள்.”

“நான் மழையா பேஞ்சேனா? கேட்டுட்டு வாறேன்” என்று பூவம்மா குடையோடு கிளம்பினாள். எல்லாருக்கும் அவரவர் பெயரிலேயே மழை பெய்திருந்ததால் மொத்த லயமும் பிள்ளை குட்டிகளோடு பின்னாலேயே போனது, நானும் போனேன், பாடசாலையில் எல்லாரும் சுற்றி நின்று ஏச, “வரிசை மாறிப்போச்சு அத்தை” என்று கிருஷாந்தி அழ, அப்போதுதான் கீழே அந்தச் சத்தம். இடி இல்லை அத்தான், மலை பெருமூச்சு விட்டதுபோல. எங்கள் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்திட்டு காம்பராக்களுக்குள் இறங்கியிருந்தது. என் அடுப்படியில் ஒரு பாறை உட்கார்ந்திருந்தது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. பூவம்மா பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள்.

இப்போது பிள்ளை அந்த இடங்களுக்கு ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டுத் திருத்திவிட்டாள். வாக்கியத்தை எப்படிப் புரட்டினாலும் பெயர் பெயரின் இடத்துக்கே போகும். இனிப் பிழை வர வழியே இல்லை. அது எங்களுக்குப் பெரிய நிம்மதி.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் பக்கம் மழை அளவாகப் பெய்யட்டும்.

இப்படிக்கு,
மயில்வாகனம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன்னே மறுபடி மழை. கீழ் லயத்துக்குச் சரியான எச்சரிக்கை, சரியான பெயரோடு போனது. ஒருத்தரும் அசையவில்லை. “பிழையா அனுப்பு புள்ள, ஏசவாவது வரட்டும்” என்றாள் பூவம்மா. பிள்ளை இலக்கத்தை மாற்றிப் போட்டு அனுப்பினாள். எல்லாரும் இங்கே, நாங்கள் தங்கியிருக்கிற பாடசாலையில் ஏசிக்கொண்டே பத்திரமாக இருக்கிறார்கள்.