பச்சைப் பகுதியில் குடியேறியவன்

பொதுமக்கள் நலன் கருதி, ஊரின் கொசுக் காய்ச்சல் அத்தனையையும் ஒரே வரைபடத்தில் அடக்கும் மாபெரும் பொறுப்பு, சுகாதார அலுவலகத்தில் என் தலையில் கட்டப்பட்டது. செயற்கைக்கோள் படத்தின் மேல், காய்ச்சல் வந்த வீட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளியே இல்லாத பகுதி பச்சை. அவ்வளவுதான் விஞ்ஞானம்.

படம் தயாரானதும் நானே சொக்கிப்போனேன். அலுவலகம் அதை ஊர் முழுக்க ஒட்டியது. நாங்கள் குடியிருந்த தெரு அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. ஏரிக்கரைத் தெருவோ பச்சைப்பசேல். அங்கே குடிபோகலாம் என்றேன். சாக்கடை தேங்கிக் கிடக்கிற இடத்துக்கா என்று கேட்டாள் மனைவி. உனக்கென்ன தெரியும், படம் பொய் சொல்லுமா என்று அவள் வாயை அடைத்து, மறுவாரமே மூட்டை கட்ட வைத்தேன் மேதாவி நான்.

பதினோராம் நாள் அவளுக்குக் காய்ச்சல். ரத்தத்தில் தட்டணுக்கள் மளமளவென்று குறைந்தன. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, தெருவுக்குக் கொசு மருந்து அடிக்கச் சொல்லி மேலதிகாரியிடம் ஓடினேன்.

அவர் நிதானமாகப் படத்தை விரித்தார். "பச்சைக்கு மருந்தடிக்க விதி இல்லையே."

"சார், என் சம்சாரத்துக்கே வந்திருக்கு."

"அந்தப் பகுதி ஊழியர் எழுதி அனுப்பினாத்தான் புள்ளி."

"அங்க ஊழியர் யாரு சார்?"

"யாரும் இல்ல. மூணு வருஷமா இடம் காலி. அதனாலதானே பச்சை?"

கணக்கெடுக்க ஆளில்லாத இடத்தை நோயில்லாத இடம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். யாரைத் திட்டுவது? அவரே இரக்கப்பட்டு வழி சொன்னார். பழைய விலாசத்தில் எழுதினால் அங்கே ஊழியர் இருக்கிறார், புள்ளி விழுந்துவிடும். மனைவியின் காய்ச்சல் கணக்கில் வராமல் போவதா என்ற தொழில் பக்தியில் தலையாட்டினேன். அன்று மாலையே பழைய தெருவுக்கு ஐந்தாம் முறையாக மருந்து அடித்தார்கள். ஏரிக்கரைத் தெரு அப்படியே பச்சையாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் இறங்கியது. கஞ்சியோடு போனேன். பக்கத்துக் கட்டில்களைக் கண்ணால் காட்டி, கிட்டே வரச் சொன்னாள்.

"இந்த மூணு பேரும் நம்ம தெருதான். படத்தைப் பார்த்துட்டுக் குடிவந்தாங்களாம். அதைப் போட்டவன் யாருன்னு தேடிட்டு இருக்காங்க. நான் இன்னும் சொல்லல. கஞ்சியை வச்சுட்டுக் கிளம்புங்க."